வாத்துக்காரியின் முதல் சுற்று

காலையிலிருந்தே ஆஃப்ராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மோஸிங் ரயில் நிலையத்தில் டிக்கெட்டுக்குக் காசைக் கொடுத்துவிட்டு டிக்கெட்டை ஜன்னலிலேயே விட்டுவிட்டு நடந்தாள். மியூனிக்கில் இறங்கியதும் பிரெட்சல் ரொட்டிக் கடையிலும் அதே கதை. அவள் விட்டுவந்த பிரெட்சலை அண்ணன் ஃபெர்டில் எடுத்துக் கடித்துக்கொண்டே பின்னால் வந்தான்.

"ஏய், என்னடி ஆச்சு ஒனக்கு? பஸ்ஸு ஓட்டுறப்ப இப்படி இருந்தா ஊரே ஆத்துக்குள்ள கெடக்கும்."

"பசிக்கலண்ணே."

"பீர்த் திருவிழாவுக்குப் பசிக்காம வர்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். வடக்கத்திப் பிரஷ்யாக்காரன்கூடப் பசிச்சுத்தான் வருவான்."

மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அலைமோதியது. பெரிய கூடாரங்களில் பெஞ்சுமேல் ஏறி நின்று, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார்கள். காது அடைத்தால்தான் குடித்த திருப்தி சிலருக்கு. அவர்களும் நன்றாக இருக்கட்டும். ஆஃப்ராவோடு வந்த மோஸிங் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் மைதானத்தின் தெற்குக் கோடிக்கு நடந்தார்கள். அங்கேதான் பழங்கூடாரம். அங்கே ஒலிபெருக்கி கிடையாது. பீர் சாம்பல் நிறக் களிமண் குவளையில் வரும். பெஞ்சுகளுக்கு நடுவே மரப்பலகை போட்ட ஆடுகளம், அதன் ஓரத்தில் ஒரு மேசை, அந்த மேசையைச் சுற்றி வாத்தியக்காரர்கள். பக்கத்து ஆள் பேசுவது காதில் விழும். பக்கத்து மேசைக்காரன் பேசுவதும் விழும். வம்புக்கு அதைவிடத் தோதான இடம் உலகத்தில் கிடையாது.

ஆஃப்ராவின் கண் உள்ளே நுழைந்ததுமே எதிர்ப்பக்கத்து மேசைக்குப் போனது. எர்லாக் ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சேபால்ட். வெள்ளைச் சட்டை, தோல் கால்சட்டை, வாரி ஒட்டவைத்த தலை. முன்னால் நிரம்பிய குவளை. அதைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தான்.

சேபால்ட் கூரை போடும் தச்சன். போன மார்கழியில் அவனுடைய வண்டி படுத்துக்கொண்டதிலிருந்து ஆஃப்ரா ஓட்டும் பேருந்தில் வேலைக்குப் போய்வந்தான். இருக்கை எல்லாம் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டான். அவளுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஓடும் வண்டியில் ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று தலைக்குமேல் எழுதியிருக்கிறதே, அதை அப்படியே மதிக்கிறவன். வண்டி நிற்கும்போது மட்டும் பேசுவான். அதனால் ஆஃப்ரா ஏறவும் இறங்கவும் ஆளில்லாத நிறுத்தங்களில்கூட நிறுத்த ஆரம்பித்தாள். வண்டி ஏன் தினமும் தாமதமாக வருகிறது என்று இரண்டு ஊரும் திட்டியது. தன் சொந்த வண்டி பழுது பார்த்து வந்த பிறகும் அவன் பேருந்திலேயே வந்தான். இதற்குமேல் ஒரு மனுஷன் என்னதான் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதைத்தான் அவன் செய்யவில்லை.

அதற்குள் வடக்கே பிரேமனிலிருந்து ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டுவிட்டது. கப்பல் கொட்டகைகளுக்குப் பெரிய பெரிய மரக்கூரை, இரண்டு வருஷ வேலை, கை நிறையச் சம்பளம். திங்கட்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும். அதாவது நாளைக்கு.

பரிசாரகி குவளைகளைக் கொண்டுவந்து வைப்பதற்குள் தேக்லா ஓடிவந்து ஆஃப்ராவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேக்லா எர்லாக்கின் தபால்காரி. ஆஃப்ராவின் உயிர்த் தோழி.

"பாத்தியா அவன? பல்லு புடுங்கப் போறவன் மாதிரி ஒக்காந்திருக்கான்," என்று காதோடு சொன்னாள்.

"பிரேமன் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"எல்லாரும் போடா போடாங்கறாங்க. அவன் சரிங்கவும் இல்ல, மாட்டேங்கவும் இல்ல. நீ இன்னைக்குப் பண்ணப்போறியா இல்லியா?"

"பண்ணத்தான் போறேன்."

"தொண்டை அடைக்காம இருக்கணுமே."

"அடைச்சா நீ வந்து பாடு."

"நானா? என் குரலக் கேட்டா பசு பால் குடுக்காது."

ஆஃப்ரா செய்ய நினைத்தது இதுதான். பழங்கூடாரத்தில் மத்தியானத்துக்கு மேல் பாடிக் கேட்கும் வழக்கம் உண்டு. ஆட நினைக்கிறவன் வாத்தியக்காரர் மேசைமுன் போய் நின்று, வேண்டிய பாட்டின் முதல் அடியைப் பாடுவான். அவன் பாடிய இடத்திலிருந்து வாத்தியம் எடுத்துக்கொள்ளும். தாளில் எழுதிப் பார்த்து வாசிப்பதெல்லாம் கிடையாது. பாடினவன் எப்படிப் பாடினானோ அப்படியேதான் வாசிப்பார்கள். முதல் சுற்றில் பாடியவனும் அவன் கூட்டிவந்த ஜோடியும் மட்டும்தான் ஆட வேண்டும். இரண்டாம் சுற்றுக்குத்தான் மற்றவர்கள் இறங்கலாம். ஜோடி வராவிட்டால், அத்தனை பேர் பார்க்க, பலகைமேல் ஒற்றையாக நின்று வழிய வேண்டியதுதான். இதுவரை ஆம்பளைகள்தான் பாடிக் கேட்டிருக்கிறார்கள். பொம்பளை கேட்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எந்தப் பாட்டு என்பதில் ஆஃப்ராவுக்குச் சந்தேகமே இல்லை. வாத்துக்காரிப் பாட்டு. அது இரட்டை நடை ஆட்டம்: கொஞ்சம் மூன்று தட்டில் மெதுவாகப் போகும், திடீரென்று இரண்டு தட்டுக்கு மாறிச் சுழலும், மறுபடி மெதுவாகும். அசந்தால் கால் பின்னிக்கொள்ளும். மோஸிங்குக்கும் எர்லாக்குக்கும் நடுவே ஒரு ஆறும் இந்தப் பாட்டும் ஓடுகின்றன. மோஸிங்கில் 'வாத்துக்காரி, வாத்துக்காரி' என்று மெதுவாக ஆரம்பித்து, 'தொற கதவ, தொற கதவ' என்று சுழல்வார்கள். எர்லாக்கில் எடுத்த எடுப்பிலேயே 'தொற கதவ' என்று சுழன்றுவிட்டு, அப்புறம்தான் வாத்துக்காரியைக் கூப்பிடுவார்கள். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் கதவைத் திற என்பது எந்த ஊர் மரியாதை என்று மோஸிங் கேட்கும். கொட்டுகிற மழையில் நிற்பவன் பெயர் சொல்லிக் கொஞ்சிக்கொண்டா இருப்பான் என்று எர்லாக் கேட்கும். இதற்காகக் கல்யாண வீடுகளில் நாற்காலி பறந்ததுண்டு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வாத்தியக்காரர்கள் இரண்டு ஊரிலும் சாப்பிட்டுவிட்டு இரண்டு மாதிரியும் வாசித்துவிட்டுப் போவார்கள்.

இந்த வருஷம் கோடை முழுக்க ஆஃப்ரா ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தாள். எர்லாக்கில் பேருந்து திரும்பும் இடத்தில், வண்டியை அணைத்துவிட்டு அடுத்த நடைக்குக் காத்திருக்கும் நேரத்தில், தேக்லாவைப் பிடித்துக்கொண்டு எர்லாக் மாதிரி ஆடிப் பழகினாள். என்றைக்காவது சேபால்ட் அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் தடுமாறக் கூடாதே. அவன் கூப்பிடவில்லை. ஆனால் கால் பழகிவிட்டது. இன்றைக்கு அது வேண்டியதில்லை. இன்றைக்குச் சொந்த ஊர் மாதிரிதான் பாடப்போகிறாள். அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது எதிர் ஊர்ப் பாட்டைப் பாடிவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? சேபால்ட் எப்படியாவது சமாளித்துக்கொள்ளட்டும். கூரைமேல் நடக்கிறவனுக்குப் பலகைமேல் நடக்கத் தெரியாதா?

அவள் பீரில் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். எழுந்தாள்.

"எங்கடி?" என்றான் ஃபெர்டில்.

"இந்தா வந்துடறேன்."

முன் வைத்த காலைப் பின் வைக்கக் கூடாது என்று சொல்வது சுலபம். அந்த ஆடுகளத்தைத் தாண்டி நடக்கும்போதும் திரும்பி ஓடிவிட வேண்டும் என்று தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது. சின்ன வயதில் ஆற்றுப் பாலத்திலிருந்து முதல் தடவை குதிக்கும்போது இருந்த மாதிரி சந்தோஷம்.

வாத்தியக்காரர்களின் தலைவர் கோலோமான் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் சிவந்து உருண்டிருக்கும். வாய் மட்டும் கத்தி.

"கழிப்பறை அந்தப் பக்கம், தங்கம்," என்றார் நிமிராமலே.

"பாடிக் கேக்க வந்தேண்ணே."

கோலோமான் நிமிர்ந்தார். பெரிய ஊதுகுழல்காரர் வாயிலிருந்த முள்ளங்கித் துண்டை மெல்லுவதை நிறுத்தினார்.

"நீயா? ஒன் புருஷன் எங்க?"

"அதுக்குத்தானே பாட வந்திருக்கேன்."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். "அடி சக்க!" என்று கோலோமான் தொடையில் தட்டினார். "நாப்பது வருஷமா வாசிக்கிறேன், இப்பத்தான் ஒரு பொம்பளைக்கு தைரியம் வந்திருக்கு. பாடு தாயி. வாய நல்லாத் தொறந்து பாடு, அந்தக் கடைசி மேசையில பாதிப் பேருக்குக் காது கேக்காது."

கூடாரம் திரும்பிப் பார்த்தது. ஒருவர் விலாவிலிருந்து இன்னொருவர் விலாவுக்கு முழங்கை இடி பரவியது. பாடப் போறது பொம்பளடா. யாரு? மோஸிங் பஸ்காரி. ஆஃப்ரா மூச்சை இழுத்தாள். எதிர்மேசையில் சேபால்ட் தலையைத் தூக்கிப் பார்ப்பது கண்ணோரத்தில் தெரிந்தது. அவ்வளவுதான். எல்லாம் மறந்துபோய், கோடை முழுக்கப் பழகிய கால்தான் வாய்க்குச் சொல்லிக்கொடுத்தது.

"தொற கதவ, தொற கதவ,
வாத்துக்காரி, வாத்துக்காரி..."

பாடி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே எர்லாக் மேசை எழுந்து நின்று குவளையால் மேசைப் பலகையை இடிக்க ஆரம்பித்தது.

"அடிப்பாவி!" என்றான் ஃபெர்டில். "யாருகிட்டடி படிச்ச இத?"

தேக்லா மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"அண்ணே, தப்பாயிருச்சு, இன்னொரு தடவ..." என்று ஆஃப்ரா கோலோமானைக் கெஞ்சினாள்.

"பாடுனது பாடுனதுதான், தாயி," என்று அவர் கிளாரினெட்டை வாயில் வைத்தார். முகமெல்லாம் பல். வாத்தியம் எர்லாக் மாதிரியே எடுத்தது.

எதிர் ஊர்ப் பாட்டு ஒருத்தி வாயில் தானாக வருகிறதென்றால் அவள் கால் அதைப் பல நாள் பழகியிருக்க வேண்டும், எதிர் ஊர் ஆட்டத்தை ஒருத்தி எதற்காகப் பழகுவாள் என்பதெல்லாம் அந்தக் கூடாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எர்லாக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எவன்டா அது? நம்ம மேசையில எவன்டா அந்தப் புண்ணியவான்?"

"எனக்குக் கல்யாணமாயிருச்சு, நான் இல்ல!"

"ஒன்ன யாருடா கேட்டா?"

ஆஃப்ரா நடந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? நேராகப் போய் சேபால்ட் முன்னால் நின்று கையை நீட்டினாள். அவனுக்குக் காதுமடல்வரை சிவந்துவிட்டது. குவளையை வைக்க இடம் தேடி, பக்கத்தில் இருந்தவரின் பாலாடைக்கட்டித் தட்டுக்குள்ளேயே வைத்தான்.

"ஆஃப்ரா, நான் ஒண்ணு..."

"அப்புறம் பேசலாம். பாட்டு ஓடுது."

அவன் எழுந்தான். கூடாரம் ஓவென்று இரைந்தது. அவனுடைய கை அவள் முதுகில் பட்டபோது ஆஃப்ராவுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இது போதும், நாளைக்கு அவன் வடக்கே போனாலும் இதை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று நினைத்தாள். உடனே, போதாது என்றும் நினைத்தாள்.

பாட்டு முதலடிக்குத் திரும்பியது. அவள் சுழன்றாள். அவன் சுழலவில்லை. மெதுவாக ஒரு காலை முன்னால் வைத்தான். அது அவள் பாதத்தின் மேல் இறங்கியது.

"ஆ! சுத்துடா!"

"மன்னிச்சுக்க."

மறுபடி எடுத்தார்கள். அவள் மெதுவாகப் போன இடத்தில் அவன் சுழன்றான். அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு பெஞ்சில் மோதியிருப்பான்; உட்கார்ந்திருந்தவர் குவளையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்.

"டேய் சேபால்ட்!" என்று எர்லாக் மேசையில் ஒருவர் கத்தினார். "ஒங்க அம்மா வயித்துக்குள்ள இருக்கப்பவே ஆடுன பாட்டுடா இது!"

"பலக கோணலா இருக்குது போல," என்றார் இன்னொருவர்.

"கூர போட்டவனுக்கே பலக கோணலா?"

ஆஃப்ராவுக்கு அழுகை முட்டியது. ஒருத்தன் தன் ஊர்ப் பாட்டிலேயே இப்படித் தடுமாறுகிறான் என்றால் ஆட மனமில்லாமல்தானே? ஊர் முன்னால் மறுக்கத் தெரியாமல் எழுந்து வந்திருக்கிறான். கையை விட்டுவிடலாமா என்று அவள் நினைத்தபோது மோஸிங் மேசையிலிருந்து ஒரு கர்ஜனை வந்தது.

"நிறுத்தாத! நான் சொல்லிக் குடுத்த மாதிரியே ஆடு! மொதல்ல வாத்துக்காரி, அப்புறந்தான் கதவு! எத்தன தடவ சொன்னேன்!"

ஃபெர்டில் பெஞ்சுமேல் நின்றுகொண்டிருந்தான். மொத்தக் கூடாரமும் அவனைப் பார்த்தது. தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்ல இறங்கி உட்கார்ந்து குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"எங்க அண்ணன்கிட்டயா?" என்றாள் ஆஃப்ரா. "எப்ப?"

"ஒங்க தொழுவத்துக்குக் கூர மாத்துனேன்ல," என்றான் சேபால்ட். "மத்தியானம் நீ பஸ்ஸுக்குப் போனதும். வைக்கோல் மேல."

ஒரு சின்னத் தொழுவத்துக்குக் கூரை போட இத்தனை நாளா, இவன் என்ன தச்சன் என்று அவள் முணுமுணுத்ததும், மரம் சரியில்லை, மழை சரியில்லை என்று அண்ணன் மழுப்பியதும் அவளுக்கு இப்போது விளங்கின.

"யாரு வாத்துக்காரி?"

"ஒங்க அண்ணன்தான். பாவாடைக்குப் பதிலா சாக்கு கட்டிக்கிட்டாரு."

கோலோமானுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டி கிளாரினெட் நழுவியது. மற்ற வாத்தியங்களும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. பெரிய ஊதுகுழல்காரர் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஊதிவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்து நிறுத்தினார். ஆஃப்ராவும் சேபால்டும் ஆடுகளத்தின் நடுவில் கையைக் கோத்தபடி நின்றார்கள்.

"நான்தான் வந்து பாடணும்னு இருந்தேன்," என்றான் சேபால்ட். "ஒங்க ஊரு மாதிரி. ஒரு குவளை குடிச்சிட்டுப் பாடலாம்னு ஒக்காந்தேன். உள்ள எறங்கவே மாட்டேன்னுருச்சு. அதுக்குள்ள நீ வந்துட்ட. அதுவும் எங்க ஊரு மாதிரி பாடிட்ட. என் காலுக்கு எங்க போறதுன்னே தெரியல."

பெரிய கூடாரத்தில் இதைச் சொல்லியிருந்தால் அவளுக்கே கேட்டிருக்காது. இங்கே கடைசி மேசையில் காது கேட்காதவர்கள்வரை கேட்டது. ஆஃப்ரா அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை.

"நாளைக்குப் பிரேமன்காரங்களுக்கு என்ன சொல்லப்போற?"

அவன் யோசித்தான். கூரைக்கு உத்தரம் அளப்பதுபோல நிதானமாக யோசித்தான். ஆஃப்ராவுக்கு உயிர் போய் வந்தது.

"வரலன்னா, ஏன்னு கேப்பாங்களே."

"காரணம் என் பூட்ஸுக்கு அடியில மாட்டிக்கிட்டிருக்குன்னு சொல்லு."

அவன் குனிந்து பார்த்தான். ஆட்டம் நின்றபோது அவள் பாதத்தின் மேல் இறங்கிய காலை அவன் இன்னும் எடுக்கவே இல்லை. அவளும் அதுவரை எடுக்கச் சொல்லவில்லை.

"அப்படின்னா போகல," என்றான் சேபால்ட்.

குவளைகள் மேசைகளில் இடித்தன. தேக்லா பெஞ்சுமேல் ஏறிக் குதித்தாள். ஃபெர்டில் குவளையிலிருந்து முகத்தை எடுக்காமலே ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினான். கோலோமான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளாரினெட்டைத் தேடி எடுத்தார்.

"சரி, மாப்ள. பொண்ணு. இப்பச் சொல்லுங்க, எந்த ஊரு மாதிரி வாசிக்கட்டும்?"

"மோஸிங்!" என்று ஒரு பக்கமும் "எர்லாக்!" என்று மறுபக்கமும் கத்தினார்கள். யாரோ ஒருவர் எழுந்து நாற்காலியைத் தேடினார். நல்லவேளை, பழங்கூடாரத்தில் எல்லாம் பெஞ்சுதான்.

"எப்படியாச்சும் வாசிங்கண்ணே," என்றாள் ஆஃப்ரா. "எங்க ரெண்டு பேருக்கும் அவங்கவங்க ஊரு ஆட்டம் மறந்துபோச்சு."

கோலோமான் எந்த ஊர் மாதிரி எடுத்தார் என்பதில் இன்றைக்கும் தகராறு இருக்கிறது. யாரும் இரண்டாம் சுற்றுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு மேசையும் ஒன்றாக இறங்கி, பாதிப் பேர் கதவைத் திறக்க, பாதிப் பேர் வாத்துக்காரியைக் கூப்பிட, பலகைமேல் மிதிபடாத கால் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆஃப்ராவின் கால்தான் அதிகம் மிதிபட்டது. வலித்தது. அவள் சிரித்துக்கொண்டே திருப்பி மிதித்தாள்.